உதறிவிட்டுப் போகவும்

பருத்திப்பட்டு, ஆவடி
8.1.2024

அன்புள்ள ஷர்மிளாவுக்கு,

உன் போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. தபாலை அப்படித் தடுக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். முகவரியை உன் அண்ணனின் டைரியிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவருக்கு இது தெரியாது.

பட்டறையில் பெரிய மாற்றம் செய்திருக்கிறேன். நீ ஐந்து வருடமாகக் கேட்ட தூசி இழுக்கும் மெஷினை நவம்பரில் வாங்கிவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் உத்தமன் செய்து கொடுத்தார். பாலீஷ் மோட்டார் இரண்டுக்கும் தகரக் கூண்டு, பின்னால் ஆறு அங்குலக் குழாய். சக்கரத்தில் நகையை வைத்ததும் கிளம்பும் தூசி நேராகக் குழாய்க்குள் போய்விடுகிறது. பழைய மரப்பெட்டியை நினைத்துப் பார். சாயங்காலம் உங்கள் எல்லோருடைய புருவமும் பழுப்பாக இருக்கும். இப்போது தேவா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறான். "அக்கா, பேங்க் மேனேஜர் மாரி கீறேன் பாரு" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டுகிறான். சக்கரங்களையும் மாற்றியாகிவிட்டது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. மெல்லிய சங்கிலி இப்போது சிக்கி அறுவதில்லை.

கதவில் "உதறிவிட்டுப் போகவும்" என்ற பலகை மட்டும் அப்படியே இருக்கிறது.

நிஷா எப்படிப் படிக்கிறாள்? உன் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் ஏதும் இல்லையே? சும்மாதான் கேட்கிறேன்.

உன் அண்ணி,
சாவித்திரி


கோயம்புத்தூர்
19.1.2024

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. விடுதி வார்டன் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இந்தக் காலத்துல யாருங்க லெட்டர் போடறது" என்று கேட்டார். வீட்டிலிருந்து என்றேன். வேறு என்ன சொல்வது.

நானும் நிஷாவும் நன்றாக இருக்கிறோம். இந்தப் பள்ளியின் பெண்கள் விடுதியில் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறேன். நிஷா இங்கேயே எட்டாவது படிக்கிறாள். நான் இங்கே வேலையில் இருக்கும்வரை அவளுக்குக் கட்டணம் கிடையாது.

மெஷின் வாங்கியது நல்லது. நான் அங்கே இருந்தபோது வாங்கியிருக்கலாம். கூண்டு, குழாய், திருகு எல்லாம் எழுதினீர்கள். இழுத்த காற்று கடைசியில் எங்கே போய் வெளியே வருகிறது என்று மட்டும் எழுதவில்லை. நான் கேட்ட மெஷினில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

இன்னொன்று. உங்கள் பட்டறையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எதையும் சும்மா கேட்டு நான் பார்த்ததில்லை. கடைசியாக என்னிடம் கேட்டது, எல்லோரும் நின்றுகொண்டிருக்க, "இன்னொரு தடவை உதறு" என்பது. அதுவும் சும்மா இல்லை. அந்த மாதம் உதறிச் சேர்த்த தூசியை உருக்கியபோது தங்கம் குறைந்திருந்தது. நான் ஜன்னலைத் திறந்ததால் குறைந்தது என்றோ, என் புடவை மடிப்பில் போனது என்றோ நினைத்தீர்கள். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேவாவின் சட்டையைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குப் பக்கத்து நாற்காலி நாகம்மாக்காவுடையது. அவர் பேரே கடிதத்தில் இல்லை. என்ன ஆயிற்று?

ஷர்மிளா


பருத்திப்பட்டு
24.1.2024

அன்புள்ள ஷர்மிளாவுக்கு,

நாகம்மாவைப் பற்றி மூன்று முறை எழுதி, மூன்று முறையும் தாளைக் கிழித்துவிட்டு, மெஷினைப் பற்றி எழுதி அனுப்பினேன். நீ கேட்டுவிட்டாய். இனி ஒளிக்க முடியாது.

நாகம்மா செப்டம்பரோடு நின்றுவிட்டாள். அதற்கு முன்பே இருமல். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டாள். எடை குறைந்தது, இருமல் குறையவில்லை. டிசம்பரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். ஒரு கை ரவையை அள்ளி வீசியது போல இருந்தது.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"நகைக்கு பாலீஷ் போடறது தாயி. பன்னெண்டு வருசமா ஒரே சேர்ல தான் குந்திகினு கீறேன்" என்றாள் நாகம்மா.

டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"தெரிஞ்சவங்க" என்று சொன்னேன்.

ஷர்மிளா, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாகம்மா என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், பிறகு படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில், "நல்லதா தான் சொன்னம்மா. ஓனர்னு சொல்லிருந்தா உன்ன இன்னாத்துக்குனா இஸ்துகினு போயிருப்பாங்க" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். ஆவடி வரும்வரை என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

பழுப்பு பாலீஷ் கட்டியில் கல்மாவு கலந்திருக்கிறது. சக்கரம் சுற்றும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி மூச்சோடு உள்ளே போய்த் தங்கிவிடுகிறது. தங்கியது திரும்பி வராது. வேலையை விட்ட பிறகும் அது வளரலாம் என்றார் டாக்டர். சீக்கிரம் தெரிந்துகொண்டால் இதற்குமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாமாம். ஐந்து வருடத்துக்கு மேல் அந்தச் சக்கரத்தின் முன் இருந்த எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். அவர் "எல்லோரும்" என்றபோது எனக்குத் தெரிந்தது உன் முகம்தான். அதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. என்ன வேலை, எத்தனை வருடம், எந்த மாதிரி அறை என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் இதைத் தொழிலால் வந்த நோய் என்று பதிவு செய்ய முடியுமாம். அது இல்லாவிட்டால் அவளுக்குச் சேர வேண்டிய எதுவும் சேராது, மறுபடி காசநோய் மாத்திரைதான். நாகம்மாவின் மகன் அரவிந்தன் இரண்டு முறை வந்துவிட்டான். சத்தம் போடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "எப்ப வரட்டும்மா?" என்று மட்டும் கேட்கிறான். அந்தக் குரல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அண்ணன், "வாயால எவ்வளவு வேணா சொல்லு. எழுத்துல எதையும் குடுக்காத" என்கிறார். கொடுத்தால் இன்ஸ்பெக்டர் வருவார், பட்டறையைப் பூட்டுவார்கள், கேஸ் ஆகும், தன் பென்ஷன் வரைக்கும் இழுப்பார்கள் என்கிறார். அவர் சொல்வது எல்லாமே நடக்கக்கூடியது.

நீ எக்ஸ்ரே எடு. செலவு என்னுடையது. தயவுசெய்து.

சாவித்திரி


கோயம்புத்தூர்
2.2.2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். படித்ததும் முதலில் வந்தது கோபம். நாகம்மாக்காவை நினைத்தும் இல்லை, என்னை நினைத்தும் இல்லை. "தெரிஞ்சவங்க" என்ற ஒரு சொல்லுக்கு.

நான் எக்ஸ்ரே எடுக்கப் போவதில்லை. திரும்பி வராது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பிறகு தெரிந்து என்ன செய்வது? ஜூன் மாதம் இங்கே எல்லோரும் உடல்தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சமைக்கும் இடம். இருமுகிறவளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். என் வேலை போனால் நிஷாவின் படிப்பும் போகும். அவள் அப்பா போன பிறகு எனக்கென்று நான் தேடிக்கொண்ட ஒரே இடம் இது. இங்கே யாரும் என்னை உதறச் சொல்வதில்லை.

காற்று எங்கே வெளியே வருகிறது என்று கேட்டேன். அதற்கு இந்தக் கடிதத்திலும் பதில் இல்லை. நீங்கள் எதையாவது விட்டுவிட்டு எழுதினால் அங்கேதான் விஷயம் இருக்கும். அதனால் நானே ஊகிக்கிறேன். வெளியே விட்டால் தங்கம் போய்விடும் என்று குழாயை அறைக்குள்ளேயே திருப்பியிருப்பீர்கள். முனையில் அண்ணனின் பழைய வேட்டியைப் பை மாதிரி தைத்துக் கட்டியிருப்பீர்கள்.

சரி என்றால் ஒரு வேலை செய்யுங்கள். இங்கே ஸ்டோரில் மாவு சலிக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓட்டுச் சந்தில் வெயில் கோடாக விழும் இடத்தில் மட்டும் மாவு பறப்பது தெரியும். பாலீஷ் அறையில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மெஷினும் மோட்டாரும் ஓடும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர் நீங்கள். நான் பன்னிரண்டாவது. இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷர்மிளா


பருத்திப்பட்டு
11.2.2024

ஷர்மிளா,

உன் ஊகம் சரி. வேட்டிகூடச் சரி.

உத்தமன் குழாயைச் சுவரைத் துளைத்து வெளியே விட்டுவிட்டுத்தான் போனார். அவர் போன மறுநாள் நானே ஆள் வைத்து உள்ளே திருப்பினேன். சனிக்கிழமைதோறும் வேட்டிப் பையை அவிழ்த்து உதறித் தூசியைச் சேர்த்தோம். உதறுவது தேவாவின் வேலை. கண்ணுக்குத் தூசி தெரியாததால், முன்பு மூக்கில் கட்டிக்கொண்டிருந்த கைக்குட்டையையும் அவன் விட்டுவிட்டான். அறை சுத்தமாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நான் பூஜை போட்டுச் சர்க்கரைப் பொங்கல்கூடக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ சொன்னபடி செய்தேன். ஜன்னல்தான் ஆணி அடித்து மூடியிருக்கிறதே, விளக்கை அணைத்ததும் இருட்டு. தேவா சக்கரத்தில் வளையலை வைத்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போன் டார்ச்சை நான் கையில் பிடித்தேன்.

வெளிச்சம் போன வழியெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. புகை என்றால் எங்காவது கலைந்து போகும். இது போகவில்லை, அங்கேயே தொங்கியது. டார்ச்சைத் திருப்பத் திருப்பப் புதிது புதிதாகத் தெரிந்தது. கூரை ஓரத்தில், சாமி படத்தின் முன்னால், தண்ணீர்க் குடத்தின் மேல். கடைசியில் வெளிச்சம் தேவாவின் முகத்தில் விழுந்தது. அவன் மூச்சை இழுத்தபோது துகள்கள் அவன் வாய்ப் பக்கம் சாய்ந்தன. விட்டபோது விலகின. மறுபடி சாய்ந்தன. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஆறாவது மூச்சில் அவன், "இன்னாக்கா, இவ்ளோவா உள்ள போவுது?" என்றான். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

அன்றிலிருந்து வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். உத்தமனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். "இன்னா மேடம் இது. நான் வெளிய தான உட்டுட்டுப் போனேன். அழுக்குக் காத்த இஸ்து வடிகட்டாம திருப்பி உங்க மூஞ்சிக்கே உட்டுகினு கீறீங்களே. இதுக்கு மெஷினே வோணாம், வாயால ஊதலாம்" என்றார். தங்கம் வெளியே போய்விடும் என்று இழுத்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "தங்கம் கனம் மேடம். அது கூண்டுலயே வுழுந்துரும். மிச்ச சொச்சம் குழா வளைவுல நிக்கும். பறக்கறது பாலீஷ் கட்டித் தூளும் சக்கரத்துப் பஞ்சும் தான்."

தங்கத்தின் அடர்த்தி பத்தொன்பது புள்ளி மூன்று. அதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள் நான். தங்கம் கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டிப் போகாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, உங்கள் எல்லோரையும் உள்ளே வைத்து நான் காப்பாற்றியது தங்கமே இல்லை. காற்றில் இருந்தது கல். இந்தத் தொழிலில் எல்லாரும் சாத்துகிறார்கள், நானும் சாத்தினேன் என்று சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே அது எடுபடவில்லை.

நுண்ணிய வடிகட்டி வைத்து, குழாயை மறுபடி வெளியே விட்டு, பையைத் திறக்காமல் அப்படியே கழற்றி மூடும்படி செய்து தருகிறேன் என்கிறார். இனி தரையைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கச் சொன்னேன். பதினோரு ஆணி. நான் அடித்தது.

வீட்டில் யார் இருமினாலும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நின்றுவிடுகிறேன். நேற்று உன் அண்ணனுக்குக் காப்பி புரையேறியது. அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். உன் இருமலை என்னால் கேட்க முடியவில்லை, அது இன்னும் மோசம். "இருமுகிறவளை வைத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாய். இருமுகிறாயா என்ற என் கேள்விக்கு அது பதிலா?

சாவித்திரி


கோயம்புத்தூர்
20.2.2024

அண்ணி,

ஆமாம். அது பதில்தான்.

பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் கொஞ்சம். சமையலறை கீழே, சாப்பாட்டுக் கூடம் இரண்டாவது மாடி. போன வருடம் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக ஏறுவேன். இப்போது முதல் மாடித் திருப்பத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, புடவை முந்தானையைச் சரிசெய்கிறது போல நிற்கிறேன். தினமும் ஒரே இடத்தில் முந்தானையைச் சரிசெய்கிறேன் என்று ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள். "ஆன்ட்டி, அங்க ஒரு கண்ணாடி மாட்டிரலாமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் இருமல் வருகிறது.

தேவாவின் வாய்ப் பக்கம் தூசி சாய்ந்தது என்று எழுதினீர்கள். அதைப் படித்த பிறகு நான் மூச்சு விடுவதை நானே கவனித்துக்கொண்டிருக்கிறேன். கவனித்தால் மூச்சு சரியாக வருவதில்லை. பக்கத்தில் நிஷா தூங்குகிறாள், அவள் மூச்சு எந்தத் தடையும் இல்லாமல் போய் வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.

எனக்குப் பயம். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தின் வாசல்வரை போனேன். பேர் கேட்டார்கள். வேறு யாருக்கோ விசாரிக்க வந்தது போல இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். "தெரிஞ்சவங்களுக்கு" என்று சொன்னேன், அண்ணி. அதே சொல்தான் என் வாயிலும் வந்தது. அதனால் இனி அதைச் சொல்லி உங்களைக் குத்த மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். உங்களுக்குக் கையெழுத்துப் போடப் பயம். எனக்குப் படம் எடுக்கப் பயம். இரண்டு பேரும் இப்படியே கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் நடுவில் நாகம்மாக்கா போய்விடுவார். நீங்கள் அவருக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நகலை எனக்கு அனுப்புங்கள். அது என் கைக்கு வந்ததும் நான் படம் எடுக்கிறேன். நிஷா மேல் சத்தியம்.

ஷர்மிளா


பருத்திப்பட்டு
27.2.2024

அன்புள்ள ஷர்மிளா,

எழுதிவிட்டேன். கொடுக்கும் முன் நீ ஒரு முறை பார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியது.

"திருமதி நாகம்மா எங்கள் நிறுவனத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். நகைகளைச் சுத்தம் செய்யும் பணிகளில் அவ்வப்போது ஈடுபட்டார். பணியிடத்தில் வழக்கமான வசதிகள் இருந்தன. தற்போது நவீன தூசி இழுக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அவர் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறேன்."

உன் அண்ணனிடமும் காட்டினேன். இந்த அளவுக்கு என்றால் பரவாயில்லை என்கிறார். இதில் பொய் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாவித்திரி


கோயம்புத்தூர்
5.3.2024

அண்ணி,

இதைக் கொடுப்பதற்குப் பதில் அந்த டாக்டரம்மாவிடம் மறுபடி "தெரிஞ்சவங்க" என்றே சொல்லிவிடலாம்.

அவர் எப்போது உதவியாளராக இருந்தார்? உங்கள் பட்டறையில் ஆரம் பாலீஷுக்கு அவரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க மாட்டீர்களே. அவ்வப்போது என்றால் என்ன? காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ஒன்றரைக்குச் சோறு, அப்புறம் ஆறரைக்கு எழுந்திருப்போம். தீபாவளி மாதம் எட்டரை. வழக்கமான வசதிகள் என்று எதைச் சொல்கிறீர்கள்? நாங்கள் வாயில் கட்டிக்கொண்டது எங்கள் முந்தானை. விசிறி உங்கள் மேசைக்கு மேல் முன் அறையில் ஓடியது. ஜன்னல் எங்கே போயிற்று? நான் திறந்தேனே, நீங்கள் ஆணி அடித்தீர்களே, அது நடந்ததுதானே?

வாழ்த்து வேண்டாம். அவருக்கு அது எதற்கு?

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். தப்பு இருக்கும் இடத்திலெல்லாம் கோடு போட்டிருக்கிறேன். தேதியைத் தவிர எல்லாவற்றிலும் கோடு விழுந்துவிட்டது.

ஷர்மிளா


பருத்திப்பட்டு
14.3.2024

ஷர்மிளா,

நகல் இதனுடன் இருக்கிறது. மூலத்தை நேற்று அரவிந்தனிடம் கொடுத்துவிட்டேன். அவன் வாசலிலேயே நின்று படித்தான். நான் எதிரில் நின்றேன். படித்து முடித்துவிட்டு அவன் ஏதாவது சொல்வான், கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "இவ்ளோ நாளா அம்மா இதெல்லாம் சொன்னதே இல்ல" என்றான். அவ்வளவுதான். தாளை நான்காக மடித்தான். செருப்பைப் போட மறந்து தெரு வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. சாப்பிடுகிறார், போகிறார். இன்ஸ்பெக்டர் வருவாரா, எப்போது வருவார், பூட்டுவார்களா, எனக்குத் தெரியாது. தெருவில் ஜீப் நின்றால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். இருந்தும் எழுதினேன். தைரியம் வந்து எழுதவில்லை, பயத்தோடுதான் எழுதினேன். எழுத்துக் கோணலாக இருப்பதை நகலில் பார்ப்பாய்.

நானும் எக்ஸ்ரே எடுத்தேன். தேவாவையும் கூட்டிப் போய் எடுத்தேன். அவனுக்கு இதுவரை ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எனக்கு எதுவுமே இல்லை. சுத்தமான படம். முன் அறையில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி வரும்? அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வரும்போது சந்தோஷம் வந்தது. சந்தோஷம் வந்துவிட்டதே என்று கூனிக்குறுகிப் போனேன்.

இனி உன் முறை. அவசரப்படுத்தவில்லை. இல்லை, அவசரப்படுத்துகிறேன்.

சாவித்திரி

(நகல்)

ஆவடி, 13.3.2024

சம்பந்தப்பட்ட மருத்துவருக்கும், இதைப் பார்க்க வேண்டிய மற்ற அதிகாரிகளுக்கும்,

நாகம்மா, வயது ஐம்பத்தொன்று, பருத்திப்பட்டில் நான் நடத்தும் நகை பாலீஷ் பட்டறையில் 2011 ஜூன் முதல் 2023 செப்டம்பர் வரை வேலை செய்தார். நான் அவருடைய முதலாளி.

அவர் நாள்தோறும் ஒன்பது மணி நேரமும், பண்டிகைக் காலத்தில் அதற்கு மேலும், பாலீஷ் சக்கரத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்தார். பழுப்பு, சிவப்பு பாலீஷ் கட்டிகளைப் பயன்படுத்தினார். தங்கத்தூள் பறந்துவிடும் என்று நினைத்து அறையின் ஜன்னல்களை என் உத்தரவின்பேரில் சாத்தியே வைத்திருந்தோம். மின்விசிறி வைக்க நான் விடவில்லை. 2022 அக்டோபரில் மூச்சு முட்டி ஒரு ஜன்னல் திறக்கப்பட்டபோது, நானே ஆணி அடித்து அதை மூடினேன்.

அவர் வேலை பார்த்த காலம் முழுவதும் தூசி இழுக்கும் கருவி இல்லை. முகத்தில் கட்ட நான் எதுவும் கொடுக்கவில்லை. வேலை முடிந்ததும் உடையை அந்த அறைக்குள்ளேயே உதறிவிட்டுப் போகச் சொன்னேன். அப்போது எழுந்த தூசியையும் அவர் சுவாசித்தார்.

இந்தத் தூசி கெடுதல் என்று அங்கே வேலை செய்த என் நாத்தனார் ஷர்மிளா 2018 முதல் என்னிடம் பலமுறை சொன்னார். நான் கேட்கவில்லை.

இவை உண்மை.

(கையெழுத்து) ம. சாவித்திரி


கோயம்புத்தூர்
2.4.2024

அண்ணி,

உங்கள் தாள் பதினெட்டாம் தேதி வந்தது. சத்தியம் செய்திருந்தேன். இருந்தாலும் நான்கு நாள் போக முடியவில்லை. ஐந்தாம் நாள் போனேன். இந்த முறை என் பேரைத்தான் சொன்னேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அதையும் எடுத்தேன். நேற்று டாக்டரைப் பார்த்தேன். என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருடம் என்று அவரும் கேட்டார். நாகம்மாக்காவின் தாளைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். இப்படி யாரும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை என்றார்.

நிஷாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வார்டனிடம் சொல்லிவிட்டேன். மாடி ஏறாத வேலையாகக் கணக்குப் பிரிவில் போட முடியுமா என்று மேலே கேட்கிறேன் என்றார். ஜூனுக்குள் தெரியும். அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிடலாம். ஆனால் நான் இப்போது கேட்பதைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும், கையெழுத்து வேண்டும் என்கிறார்கள்.

நாகம்மாக்காவுக்கு எழுதியதைப் போலவே இன்னொன்று. வயது முப்பத்தெட்டு. 2013 ஜூலை முதல் 2022 அக்டோபர் வரை. மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம். கடைசிப் பத்தியை மட்டும் நீங்கள் யோசித்து மாற்ற வேண்டும். கெடுதல் என்று சொன்னவளும் நான்தான், சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தவளும் நான்தான். ஒரே தாளில் அது எப்படி வரும் என்று நான் எழுதிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

ஷர்மிளா